பார்வைக்கு அழகு சரி, பழகுவதற்கு எப்படி? மீன் தொட்டி வைப்போர் கேட்கும் கேள்விகள்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நான்காம் மாடியில் எங்கள் வீடு. 19 ஆண்டுகளாக மீன் வளர்க்கிறேன். இப்போது வரவேற்பறையில் மூன்று தொட்டிகள் இருக்கின்றன. மின்தூக்கியில் காண்பவர்கள், கணவரின் அலுவலகத்தார், மகனோடு படிக்கும் பிள்ளைகளின் அம்மாமார் என்று கேட்பவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். கேள்விகள் மட்டும் அதே கேள்விகள். பெரும்பாலும் மீனை வாங்கி வந்த பிறகுதான் கேட்கிறார்கள் என்பது எனக்கு மனவருத்தம். நிறத்தைப் பார்த்து வாங்கிய மீன் மற்ற மீன்களின் வாலைக் கடித்துவிட்டது, விலை கொடுத்து வாங்கிய மீன் கல்லுக்குப் பின்னாலிருந்து வெளியே வருவதே இல்லை என்றுதான் கதை தொடங்கும். ஆகவே கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியாகவே எடுத்து, நான் சொல்லி வரும் பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

மீனுக்குக் குணம் என்று ஒன்று உண்டா? தண்ணீருக்குள் சுற்றித் திரிகிறது, அவ்வளவுதானே?

உண்டு. அதை இரண்டு அடுக்காகப் பாருங்கள். முதலாவது இனத்தின் குணம்: ஒஸ்கார் ஆளைத் தேடி வரும், செரி பார்ப் கூட்டத்தோடு ஒதுங்கி நிற்கும், டைகர் பார்ப் சீண்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது அந்தத் தனி மீனின் குணம். ஒரே தாய் ஈன்ற கப்பிக் குஞ்சுகளில் ஒன்று புதிதாக எதைப் போட்டாலும் முதலாவதாக வந்து முகரும், இன்னொன்று கடைசி வரை செடிக்குள் நிற்கும். இனத்தின் குணத்தைக் கேட்டும் படித்தும் அறியலாம். தனி மீனின் குணத்தை நின்று பார்த்துத்தான் அறிய வேண்டும்.

மனநிலை என்ற ஒன்றும் உண்டு. ஆணும் பெண்ணும் சோடியாக வாழும் கொன்விக்ட் சிக்லிட் என்ற மீனை வைத்துப் பிரான்சு ஆய்வாளர்கள் 2019இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு நிற மூடி போட்ட பெட்டியில் உணவு இருக்கும், வேறு நிற மூடி போட்டதில் இருக்காது என்று பெண் மீன்களுக்குப் பழக்கினார்கள். பிறகு இரண்டுக்கும் இடைப்பட்ட நிறத்தில் ஒரு மூடியை வைத்தார்கள். தான் விரும்பிய ஆணைப் பிரிந்த பெண் மீன், அந்தச் சந்தேக மூடியைத் திறக்க முன்பைவிட நெடுநேரம் தயங்கியது. நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பே அதற்குக் குறைந்துவிட்டது என்பதுதான் அவர்கள் கண்ட பொருள்.

மீனுக்கு மூன்று வினாடிதான் ஞாபகம் என்று மகன் பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்தான். பிறகு எப்படி நம்மை அறியும்?

அது பிழையான பேச்சு. தங்கமீன்களுக்கு நெம்புகோலைத் தள்ளி உணவு எடுக்கவும், ஓசை கேட்டு வரவும் பழக்கியிருக்கிறார்கள். பழக்கியதை அவை மாதக் கணக்கில் மறப்பதில்லை. வாயால் நீரைப் பீய்ச்சிப் பூச்சிகளை வீழ்த்தும் வில்லாளி மீன், திரையில் காட்டிய பல மனித முகங்களுக்கு நடுவே பழகிய முகத்தை அடையாளம் கண்டு அதன்மேல் மட்டும் நீரைப் பீய்ச்சியதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மகனிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டு வாரம் ஒரே நேரத்தில், உணவு டப்பாவை இரண்டு தடவை தட்டிவிட்டுச் சாப்பாடு போடச் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் தட்டும்போதே மீன்கள் மேலே வந்து நிற்பதை அவனே பார்ப்பான்.

எங்களைக் கண்டதும் ஓடி வரும் மீன் எது? நாயைப் போல ஒன்று வேண்டும்.

அப்படியானால் ஒஸ்கார். தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பகுதியைச் சேர்ந்தது. கடையில் விரல் நீளத்தில் இருக்கும், வளர்ந்தால் 30 சென்டிமீற்றர். என்னிடம் ஒன்று ஒன்பது ஆண்டு இருந்தது, பெயர் மணி. காலை ஐந்தரைக்குச் சமையலறை விளக்கு எரிந்தால் தொட்டியின் இடது மூலைக்கு வந்து, என் பக்கமாகத் திரும்பி நிற்கும். நான் வரவேற்பறையில் நடந்தால் கண்ணாடியோரமாகக் கூடவே வரும். விருந்தாளி வந்தால் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு ஒரு கண்ணால் பார்க்கும். மாமியார் மட்டும் விதிவிலக்கு. அவர் வந்து உட்கார்ந்தால் முன்னால் வந்துவிடும், ஏனென்றால் இறால் உரித்துப் போடுவது அவர்தான்.

ஒரு தடவை தொட்டியைச் சுத்தம் செய்யும்போது, தேசிக்காய் அளவுள்ள ஒரு கல்லை இடம் மாற்றி வைத்துவிட்டேன். மணி பக்கவாட்டில் சாய்ந்து, அடித்தளத்தில் கிடந்தது. செத்துவிட்டது என்று நினைத்து வலையை எடுத்தேன், கண் மட்டும் என்னைப் பின்தொடர்ந்து அசைந்தது. மறுநாளும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலை அந்தக் கல்லை வாயால் கவ்வித் தள்ளுவதும், விட்டுவிட்டு மூச்சு வாங்குவதும், மறுபடி தள்ளுவதுமாக இருந்தது. மாலைக்குள் கல் பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இடம் மாற்றினாலோ தண்ணீர் மாற்றினாலோ இப்படிச் சாய்ந்து கிடந்து கோபம் காட்டுவது ஒஸ்கார் இனத்துக்கே உள்ள பழக்கம். இதைத் தாங்கும் மனம் உள்ளவர்களுக்குத்தான் அது ஏற்ற மீன்.

சிவப்புக் கிளிபோல இருக்கும் பெரட் மீனும் ஆளை நன்றாக அறியும். ஆனால் அது கலப்பினமாக உருவாக்கப்பட்டது. பலவற்றுக்கு வாய் முழுதாக மூடுவதில்லை, உணவைப் பிடிக்கச் சிரமப்படுகிறது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் மனமார வாங்கச் சொல்ல முடியவில்லை.

ஒஸ்கார் பெரிதாகும் என்கிறீர்கள். எங்கள் வீடோ இரண்டு அறை. சின்னத் தொட்டிக்கு அப்படி ஒன்றும் இல்லையா?

முதலில் கணக்கைப் பாருங்கள். ஓர் ஒஸ்காருக்கு நாலு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி வேண்டும். அதில் 250 லீற்றர் தண்ணீர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 250 கிலோ. கண்ணாடி, கல், மேசை எல்லாம் வேறு. வாடகை வீட்டில் இதை வைப்பதற்கு முன் யோசிக்க வேண்டும்.

சின்னத் தொட்டிக்கு ஃபைட்டர்தான் என் முதல் பதில். கண்ணாடியின் வெளியே விரலை மெல்ல நகர்த்தினால் விரலோடு கூடவே வரும். பழகிய பின் உங்கள் சுட்டுவிரல் நுனியில் ஒட்டிய உணவை மேலே வந்து எடுக்கும். ஆண் ஃபைட்டர் நீர்ப்பரப்பில் எச்சில் குமிழிகளால் கூடு கட்டும். பெண் மீன் இல்லாவிட்டாலும் கட்டும். ஒவ்வொரு குமிழியாக வாயில் கொண்டுபோய் ஒட்டுவதைப் பார்த்தால் நேரம் போவது தெரியாது. இது தாய்லாந்துக்குரிய மீன். 2019இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

கேரளத்து ஓடைகளில் வாழும் குட்டிப் பேத்தை மீன் கிடைத்தால் அதையும் பாருங்கள். முழு வளர்ச்சியே 3 சென்டிமீற்றருக்குள்தான். இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றி உங்களை ஆராயும். நத்தை தின்னும். ஆனால் மற்ற மீன்களின் செட்டையைக் கடிக்கும் என்பதால் அதற்குத் தனித் தொட்டி வேண்டும்.

ஃபைட்டரைக் கண்ணாடிக் கிண்ணத்தில் வைக்கலாம்தானே? கடையில் போத்தலில்தானே வைத்திருக்கிறார்கள்?

கடையில் போத்தலில் இருப்பது விற்கும் வரைக்கும். ஃபைட்டருக்குத் தலையில் ஓர் உறுப்பு இருக்கிறது, அதனால் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றையே சுவாசிக்கும். அழுக்குத் தண்ணீரில் மூச்சு முட்டாமல் இருப்பதற்குக் காரணம் அதுதான். மூச்சு முட்டவில்லை என்பதற்காக அது நலமாக இருக்கிறது என்று ஆகாது. கழிவிலிருந்து வரும் அமோனியா சின்னக் கிண்ணத்தில் இரண்டு நாளில் தேங்கிவிடும். செட்டை சுருங்கும், நிறம் மங்கும், முன்னால் சொன்ன விளையாட்டு ஒன்றும் இருக்காது. குறைந்தது 15 முதல் 20 லீற்றர், இரண்டு மூன்று செடி, மெதுவான ஃபில்டர் கொடுங்கள். அதே மீன் ஒரு மாதத்தில் வேறு மீனாகத் தெரியும்.

பிள்ளைகள் பல நிறத்தில் நிறைய மீன் கேட்கிறார்கள். சண்டை பிடிக்காதவையாகச் சொல்லுங்கள்.

கப்பி, பிளாட்டி, மொலி. அடித்தளத்துக்கு ஆறு கோரிடோரஸ். இரண்டு அடி தொட்டியில் இவை ஒற்றுமையாக இருக்கும். கோரிடோரஸ் ஆரவாரமில்லாத மீன், ஆனால் எனக்கு மிகப் பிடித்தது. மீசையால் மணலைத் துழாவிக்கொண்டே போகும், இடையிடையே கண்ணை உருட்டும், அது கண் சிமிட்டுவது போலவே இருக்கும். திடீரென்று மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும், குடலாலும் சுவாசிக்கக் கூடியது அது. ஒன்றை மட்டும் வாங்கினால் மூலையில் கிடக்கும். ஆறு இருந்தால்தான் அதன் குணமே வெளியே தெரியும்.

கப்பியில் ஒரு கவனம். ஆண் கப்பி ஓய்வில்லாமல் பெண்ணைத் துரத்தும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்று வையுங்கள், இல்லாவிட்டால் பெண் களைத்துப்போய்விடும். குஞ்சு வேண்டாம் என்றால் ஆண்களை மட்டும் வாங்குங்கள், அழகான வாலும் அவற்றுக்குத்தான்.

யாழ்ப்பாணத்தில் அம்மா வீட்டுத் தொட்டியில் கப்பி தானாகவே பெருகியது. இங்கே ஏன் வாடிக்கிடக்கிறது?

தண்ணீர்தான் காரணம். யாழ்ப்பாணத்தின் அடியில் சுண்ணாம்புக் கல், கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து நிறைய. கப்பி, மொலி, பிளாட்டி மூன்றுக்கும் அது அமிர்தம். கொழும்புக் குழாயில் வருவது பெரும்பாலும் களனி ஆற்றுத் தண்ணீர், மென்மையானது. அதில் மொலி செட்டையைச் சுருக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆடும். நன்றாகக் கழுவிய சிப்பி ஓடுகளை ஒரு பிடி ஃபில்டருக்குள் போட்டுவைத்தால் தண்ணீர் மெல்ல மெல்லக் கடினப்படும். கடற்கரையில் பவளக் கல் பொறுக்க வேண்டாம், அது சட்டவிரோதம்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். குளோரின் நீக்கும் மருந்து கடையில் கிடைக்கிறது, சில துளி போதும். வாளியில் ஒரு நாள் திறந்து வைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. அப்படிச் செய்தால் வேலை முடிந்ததும் வாளியைக் கவிழ்த்துவிடுங்கள். பல்கனியில் மறந்துபோன வாளியில் டெங்கு நுளம்பு பெருகும், 2007ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றமும்கூட.

எல்லாம் வெளிநாட்டு மீனாகவே சொல்கிறீர்கள். நம் நாட்டு மீனை வளர்க்க முடியாதா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்கு அந்த நாளே நல்ல நாள். உலகம் முழுவதும் தொட்டிகளில் வளரும் செரி பார்ப் இலங்கைக்கே உரிய மீன். களனி முதல் நில்வளா வரையான ஈர வலயத்து நிழலோடைகள்தான் அதன் சொந்த ஊர். 1929இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்தவர் இந்த நாட்டு விலங்கியலாளர் பீ. ஈ. பி. தெரணியகல. 5 சென்டிமீற்றர்தான் வளரும். கொழும்புத் தண்ணீர் அதற்குப் புதுத் தண்ணீரே அல்ல.

ஆனால் கடையில் இதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெளிச்சமான, வெறுமையான தொட்டியில் அது வெளிறிப்போய் நிற்கும். வீட்டில் கறுப்பு மணல், நெருக்கமான செடி, மேலே கொஞ்சம் மிதக்கும் பாசி கொடுத்து எட்டு மீன் விடுங்கள். ஆறு வாரத்தில், காலை வெயில் சாய்வாக வந்து தொட்டியில் விழும் நேரத்தில் பாருங்கள். ஓர் ஆண் மீன் செடிக்குள்ளிருந்து மெதுவாக வெளியே வரும். மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரை செம்பருத்தி நிறம். இன்னோர் ஆண் எதிரே வந்தால் இரண்டும் செட்டையை விரித்து ஒன்றையொன்று சுற்றும், நிறம் இன்னும் ஏறும். கடிக்காது. சுற்றி முடித்துவிட்டு அவரவர் செடிக்குத் திரும்பிவிடும். கூச்ச குணமுள்ள மீனின் அழகு இப்படித்தான், காத்திருந்து பார்க்க வேண்டும்.

இன்னொன்று கறுப்பு ரூபி பார்ப். சிங்களத்தில் ‘புலத் ஹபயா’ என்பார்கள், வெற்றிலை மெல்லுபவன் என்று பொருள். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் முன்பாதி வெற்றிலை போட்ட வாய்போலச் சிவக்கும், பின்பாதி கறுக்கும். செரி பார்ப்பைவிடத் துணிச்சல் அதிகம், நடுத்தொட்டியில் நீந்தும். இரண்டையும் வாங்கும்போது பண்ணையில் பிறந்ததா என்று கேளுங்கள். ஓடையில் பிடித்தது என்றால் வாங்காதீர்கள். ரூபி பார்ப்பை ஏற்றுமதிக்காக அளவுக்கு மீறிப் பிடித்ததால் ஓடைகளில் அதன் தொகை குறைந்த வரலாறு இருக்கிறது.

நியோன் டெட்ராவும் ஏஞ்சலும் சேர்த்து விட்டால் தொட்டி எடுப்பாக இருக்குமே?

சில மாதம் எடுப்பாக இருக்கும். பிறகு நியோன் ஒவ்வொன்றாகக் குறையும். ஏஞ்சல் பார்ப்பதற்குச் சாமிபோல நின்றாலும் வேட்டை மீன், அதன் வாய்க்குள் போகும் அளவில்தான் நியோன் இருக்கிறது. ஏஞ்சலோடு முத்துக் கௌராமி நன்றாகப் பொருந்தும். இரண்டும் ஆற அமர நீந்துபவை. கௌராமி தன் வயிற்றடியில் உள்ள நூல் போன்ற இரண்டு உறுப்புகளால் செடியையும் கல்லையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவது தனி அழகு.

நியோன் கொஞ்சம் குளிர்ந்த தண்ணீரை விரும்பும். இங்கே சூடாக்கி இல்லாமலே தொட்டித் தண்ணீர் 28 பாகை வரை போகிறது. அதே நீலமும் சிவப்பும் வேண்டுமானால் கார்டினல் டெட்ரா வாங்குங்கள், சூட்டைத் தாங்கும்.

டைகர் பார்ப் எல்லா மீனின் வாலையும் கடிக்கிறது. கெட்ட மீனா?

எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று என்பார்கள். டைகர் பார்ப் தங்களுக்குள்ளேயே யார் பெரியவர் என்று பார்த்துக்கொண்டிருக்கும் மீன். எட்டு பத்து இருந்தால் அந்தச் சீண்டல் கூட்டத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். இரண்டு இருந்தால் அடுத்தவர் வாலில்தான் தீரும். எட்டு இருந்தாலும் ஏஞ்சல், ஃபைட்டர், கப்பி போன்ற நீண்ட செட்டை மீன்களோடு போட வேண்டாம். டைகர் பார்ப் மட்டும் உள்ள தொட்டி ஒன்றை வைத்துப் பாருங்கள், அவ்வளவு கலகலப்பு வேறு எந்த மீனிலும் இல்லை.

தங்கமீன் சாதுதானே? அதை வாங்கிவிட்டால் இந்தக் கவலை ஒன்றும் இல்லையே?

சாதுதான், ஆளையும் அறியும். ஆனால் அது குளிர்நீர் மீன். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு, தங்கமீனுக்கோ ஒட்சிசன் நிறைய வேண்டும். கழிவும் அதிகம். கொழும்பில் வளர்க்க முடியாது என்று சொல்லவில்லை. பெரிய தொட்டி, பலமான ஃபில்டர், ஓயாத எயார் பம்ப், வாரந்தோறும் தண்ணீர் மாற்றம் எல்லாம் வேண்டும். நன்றாகப் பார்த்தால் 10 முதல் 20 ஆண்டு இருக்கும். ‘சும்மா ஒன்று’ என்று பிள்ளையின் பிறந்தநாளுக்கு வாங்கும் மீன் அல்ல அது.

டேங்க் கிளீனர் மீன் ஒன்று போட்டால் தொட்டி தானாகச் சுத்தமாகிவிடும் என்கிறார்களே?

ஆகாது. அது பாசியை மேயும், கழிவை இரண்டு மடங்காகப் போடும். 30 சென்டிமீற்றருக்கு மேல் வளரும். வளர்ந்ததும் சிலது தட்டையான மீன்களின் உடம்பில் ஒட்டிச் சளியை உறிஞ்சும். பாசி குறைய வேண்டுமானால் தொட்டியை வெயிலிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஃப்ளவர்ஹோர்ன், அரோவானா வைத்தால் வீட்டுக்குச் செல்வம் வரும் என்று சொல்கிறார்கள். வாங்கலாமா?

நம்பிக்கை உங்களுடையது, அதில் நான் தலையிடமாட்டேன். மீனைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஃப்ளவர்ஹோர்ன் 1990களில் மலேசியாவில் கலப்பினமாக உருவானது, எந்த ஆற்றிலும் பிறந்ததல்ல. ஒஸ்காருக்குச் சொன்னது போலவே ஆளை அறியும், கண்ணாடியில் வந்து மோதும். ஆனால் தன்னோடு எந்த மீனையும் வாழவிடாது, சுத்தம் செய்யும் கையையும் கடிக்கும். அதற்கென்று ஒரு தொட்டி, அதில் அது மட்டும் என்றால் வாங்கலாம்.

வெள்ளி அரோவானா 90 சென்டிமீற்றர் வரை போகும், பாயும். மூடி சரியாக இல்லாத தொட்டியிலிருந்து இரவில் பாய்ந்து, காலையில் தரையில் காய்ந்து கிடந்த அரோவானாவை நான் ஒரு வீட்டில் பார்த்திருக்கிறேன். திரும்புவதற்கே இரண்டரை அடி அகலம் கொடுக்க முடியாத வீட்டில் அதை வைக்க வேண்டாம்.

அக்கா, கடையில் ஒரு தொட்டியில் ஐம்பது மீன், எல்லாம் ஒரே மாதிரி. எதை எடுப்பது?

பத்து நிமிடம் நில்லுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். முதல் இரண்டு நிமிடம் எல்லா மீனும் உங்களைக் கண்டு பதற்றத்தில் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதன் பிறகு பிரிவு தெரியும். முதலில் முன்கண்ணாடிக்குத் திரும்பி வருபவை துணிந்தவை. நடுவில் நிற்பவை இருக்கும். பின்மூலையில் தனியாக, செட்டையை உடம்போடு ஒட்டிக்கொண்டு நிற்பவை நோயாளிகளாக இருக்கலாம். கடைக்காரரிடம் ஒரு சிட்டிகை உணவு போடச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். உண்ணாத மீனை வாங்காதீர்கள். மற்றவற்றை அடித்து விரட்டிவிட்டு உண்ணும் மீனையும், கூட்டுத் தொட்டிக்கென்றால், வாங்காதீர்கள். உணவுக்கு முதலாவதாக வந்து, உண்டுவிட்டு, அடுத்ததைத் துரத்தாமல் நகரும் மீன்தான் நான் கை காட்டுவது.

தனி மீன் வாங்குபவர்களுக்கு வேறு கணக்கு. ஒஸ்கார் குஞ்சுகளில் உங்கள் கையைக் கண்டு பின்வாங்கி, பிறகு திரும்பி வந்து பார்ப்பதை எடுங்கள். ஃபைட்டர் போத்தல்களுக்கு நடுவே அட்டை வைத்திருப்பார்கள். ஒரு நிமிடம் அட்டையை எடுக்கச் சொன்னால், செவுளை விரித்துச் சிலிர்ப்பது எது, திரும்பிப் படுப்பது எது என்று தெரியும். அந்த ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்து வைக்க வேண்டாம், அதற்கு அது உண்மையான சண்டை.

நிறத்தைக் கடைசியாகப் பாருங்கள். கடை வெளிச்சத்தில் பளிச்சென்று இருப்பது வீட்டில் மங்கலாம், மங்கியிருப்பது செரி பார்ப்பைப் போல வீட்டில் மலரலாம். கண்ணாடி மீன்களின் முதுகில் பச்சை, ரோஸ் என்று சாயம் ஏற்றி விற்பதைக் கண்டால் விலகிவிடுங்கள். ஊசியால் குத்தி ஏற்றிய சாயம் அது.

கடையில் துறுதுறு என்று இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஒளிந்துகொண்டது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. கடையில் அதோடு ஐம்பது பேர் இருந்தார்கள், வீட்டில் மூன்று பேர். இடமும் தண்ணீரும் புதியவை. ஒரு வாரம் விளக்கைக் குறைத்து வையுங்கள், கண்ணாடியைத் தட்ட வேண்டாம்.

ஒளிய இடம் கொடுத்தால் இன்னும் ஒளிந்துகொள்ளும் என்று பயந்து பலர் செடியையும் கல்லையும் எடுத்துவிடுகிறார்கள். நடப்பது நேர்மாறு. ஓடி நுழைய ஓர் இடம் பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் துணிந்து வெளியே வரும். அதோடு, மேற்பரப்பில் அமைதியாக நீந்தும் ஐந்தாறு சின்ன மீன்களை விடுங்கள். அவை பயமில்லாமல் திரிவதைக் கண்டால் கூச்ச மீனுக்கும் ஆபத்து இல்லை என்று விளங்கும்.

ஆறு மாதம் ஒற்றுமையாக இருந்த மீன்கள் இப்போது அடித்துக்கொள்கின்றன. குணம் மாறுமா?

குஞ்சாக வாங்கிய மீன் வயதுக்கு வந்துவிட்டது. ஏஞ்சலும் மற்ற சிக்லிட் மீன்களும் சோடி சேர்ந்ததும் ஒரு கல்லையோ இலையையோ தமதாக்கிக்கொண்டு மற்றவற்றை விரட்டும். முட்டை இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அது தாய் தகப்பனின் காவல். வேறு காரணம் என்றால், எல்லா மீனையும் ஒரு வாளிக்கு மாற்றி, கல்லையும் செடியையும் புது ஒழுங்கில் வைத்துவிட்டு மறுபடி விடுங்கள். பழைய எல்லைகள் அழிந்துவிடுவதால் சண்டை பெரும்பாலும் தணியும். புது மீன் சேர்க்கும்போதும் இதே வழிதான். சாதுவானவற்றை முதலில் விட்டு, இடம் பிடிக்கும் குணமுள்ளதைக் கடைசியில் விடுங்கள்.

குணம் மாறியிருக்கிறதா, நோய் வந்திருக்கிறதா என்று எப்படிப் பிரித்தறிவது?

இது கடினமான கேள்வி. உங்கள் மீனின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டுமே விடை கிடைக்கும். மணி சாய்ந்து கிடந்தபோது மூச்சு சீராக இருந்தது, கண் என்னைத் தொடர்ந்தது, நான் கல்லை மாற்றியதும் எனக்குத் தெரியும். காரணம் தெரியாமல் ஒதுங்கினாலோ, செவுள் வேகமாக அடித்தாலோ, நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடினாலோ, கல்லில் உடம்பைத் தேய்த்தாலோ அதைக் கோபம் என்று விடாதீர்கள். முதலில் தண்ணீரில் கால்வாசியை மாற்றுங்கள். பிறகு அமோனியா, நைத்திரைற்று அளவைச் சோதியுங்கள்.

புதுத் தொட்டி என்றால் பெரும்பாலும் அதுதான் காரணம். கழிவிலிருந்து வரும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதைத் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியா ஃபில்டரில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் எடுக்கும். அதற்குள் மீனை நிறைத்துவிட்டு ‘இந்த மீன் சோம்பேறி’ என்று சொல்வது நியாயமல்ல.

மின்வெட்டு வந்தால் எந்த மீன் தாங்கும்?

2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்த நாட்களில் எங்கள் மாடியில் அதிகம் இறந்தவை தங்கமீன்கள். ஃபைட்டரும் கௌராமியும் காற்றைச் சுவாசிப்பதால் தாங்கின, கோரிடோரஸும் ஓரளவுக்குத் தாங்கியது. பற்றரியில் ஓடும் எயார் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் சாப்பாடு போடாதீர்கள், ஒரு நாள் பட்டினியால் ஆரோக்கியமான மீன் எதுவும் சாகாது. முக்கியமாகத் தொட்டியில் மீனைக் குறைவாக வையுங்கள்.

நாங்கள் கனடாவுக்குப் போகிறோம். ஒஸ்காரை என்ன செய்வது? பேர வாவியில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்தானே?

தயவுசெய்து விட வேண்டாம். பிழைக்காவிட்டால் அது ஒரு கொடுமை. பிழைத்தால் அதைவிடப் பெரிய கேடு. யாரோ இரக்கப்பட்டு விட்ட டேங்க் கிளீனரும் கத்தி மீனும் இன்று இலங்கை நீர்நிலைகளில் பெருகி, நம் நாட்டு மீன்களின் உணவையும் குஞ்சுகளையும் தின்றுகொண்டிருக்கின்றன. வாவி, கால்வாய், கிணறு எதிலும் விடக் கூடாது.

புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பே ஆளைத் தேடத் தொடங்குங்கள். பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் கேளுங்கள், கடைக்காரர்களும் சில வேளை பொறுப்பெடுப்பார்கள். மீனை மட்டும் கொடுக்காமல் தொட்டி, கல், ஃபில்டர் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். மேல் வீட்டு அன்ரி மெல்பேணுக்குப் போனபோது தன் கௌராமியை என்னிடம் தந்தார். கூடவே ஒரு தாள். ‘விளக்குப் போட்டு ஐந்து நிமிடம் கழித்துச் சாப்பாடு. இடது பக்கம் போடவும். சிவப்புப் பேசினுக்குப் பயம்.’ அந்தத் தாள் இல்லாவிட்டால், சிவப்புப் பேசினோடு தண்ணீர் மாற்றப் போய் அதை எத்தனை நாள் பதற வைத்திருப்பேனோ. நீங்களும் அப்படி எழுதிக் கொடுங்கள். கொண்டுபோகும் அன்று ஃபில்டர் பஞ்சைக் கழுவ வேண்டாம், பழைய தொட்டித் தண்ணீரில் ஊறிய ஈரத்தோடு அப்படியே ஒரு பையில் போட்டு அனுப்புங்கள்.